விரிசல் விழாத முகம்

சிங்கப்பூரிலிருந்தோ கோலாலம்பூரிலிருந்தோ திருச்சியில் வந்து இறங்குகிறவர்களின் பெட்டிக்குள், தைலப் புட்டிகளுக்கும் சாக்லேட் டப்பாக்களுக்கும் நடுவே சில வேளை ஒரு மரப்பொம்மையும் இருக்கும். பெருவயிறு குலுங்கச் சிரிக்கும் ஒரு துறவி, அல்லது நெற்றி நீண்டு உயர்ந்து, கையில் பீச் பழம் ஏந்திய ஒரு கிழவர். துறவியைச் ‘சிரிக்கும் புத்தர்’ என்கிறோம். அவர் பத்தாம் நூற்றாண்டுச் சீனத்தில் வாழ்ந்ததாகச் சொல்லப்படும் பூதாய் என்பவர். கிழவரோ நீண்ட ஆயுளுக்கு உரிய சீனத் தெய்வம். உளி பட்ட தடம் மழுங்காத பழைய கைவேலை என்றால் வாங்கியவருக்குப் பெருமைதான். ஆனால் வையம்பட்டி போன்ற வானம் பார்த்த ஊரில் ஐப்பசி மழை ஓய்ந்து, தை மாசி கடந்து, சித்திரை வெயில் ஏறும்போது அந்தப் பொம்மையின் உச்சந்தலையிலிருந்து பீடம் வரைக்கும் மெல்லிய கோடு ஒன்று இறங்கலாம். யாரும் தட்டியிருக்க மாட்டார்கள், கீழே போட்டிருக்க மாட்டார்கள். அடுத்த கோடையில் அந்தக் கோடு இன்னும் அகலமாகும்.

அதற்குக் காரணம் நீர். கல்லில் வேலை செய்கிறவருக்கும் செம்பில் வார்க்கிறவருக்கும் இல்லாத இந்தச் சிக்கலோடுதான் மரத்தில் உருவம் செதுக்கிய எல்லா நாட்டுச் சிற்பிகளும் மல்லுக்கட்டியிருக்கிறார்கள். ஜப்பானின் நாராவிலும், ஒடிசாவின் பூரியிலும், நம் காஞ்சிபுரத்திலும், பச்சைமலை அடிவாரத்து அரும்பாவூரிலும் ஒரே கேள்விக்கு வெவ்வேறு விடைகள் கிடைத்திருக்கின்றன. அவற்றை அருகருகே வைத்துப் பார்த்தால் மரச்சிற்பக் கலைக்குள் எவ்வளவு நுட்பமான அறிவியல் ஒளிந்திருக்கிறது என்பது தெரியும்.

கட்டைக்குள் நீர் இருக்கும் இடம்

மரம் என்பது கண்ணுக்குத் தெரியாத கோடானுகோடி நுண்குழாய்களின் தொகுப்பு. வெட்டிய புதிதில் அதற்குள் நீர் இரண்டு இடங்களில் இருக்கிறது. குழாய்களின் உள்ளே தளும்புவது ஒன்று. குழாயின் சுவருக்குள்ளேயே பிணைந்து கிடப்பது மற்றொன்று. பச்சைக் கட்டை உலரத் தொடங்கும்போது முதலில் போவது குழாய்க்குள் இருக்கும் நீர்தான். அது போவதால் கட்டையின் எடை குறையும், உருவம் மாறாது. மொத்த ஈரம் உலர்ந்த கட்டையின் எடையில் ஏறத்தாழ 30 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கும்போது சுவருக்குள் இருக்கும் நீர் வெளியேறத் தொடங்குகிறது. சுருக்கம் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

குழாய்ச் சுவர் செல்லுலோஸ் நுண்ணிழைகளால் ஆனது. அவற்றில் பெரும்பாலானவை மரம் வளரும் திசையில், நீளவாக்கில் அமைந்திருக்கின்றன. மழையில் நனைந்த வைக்கோல் கட்டு பருத்துப்போகும், ஆனால் நீளாது. மரமும் அப்படித்தான். நீர் இழைகளுக்கு இடையே புகுந்து அவற்றைப் பக்கவாட்டில் விலக்குகிறது. வெளியேறினால் இழைகள் நெருங்குகின்றன. அதனால் நீளவாக்கில் சுருக்கம் பெரும்பாலும் 0.3 விழுக்காட்டைத் தாண்டுவதில்லை. நடுவிலிருந்து பட்டையை நோக்கிய திசையில் சுமார் 4 விழுக்காடும், ஆண்டு வளையத்தை ஒட்டிய திசையில் சுமார் 8 விழுக்காடும் சுருங்குவது பல மரங்களில் சாதாரணம். வளையத் திசையின் சுருக்கம் மற்றதைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. நடுவிலிருந்து வெளிநோக்கி ஓடும் கதிர்த் திசுக்கள் அந்தத் திசையில் சுருக்கத்தை ஓரளவு பிடித்து வைத்துக்கொள்வது இதற்கு ஒரு காரணம்.

இந்த வேறுபாடு என்ன செய்யும் என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 30 செ.மீ. விட்டமுள்ள ஓர் உருண்டைக் கட்டையின் சுற்றளவு 94 செ.மீ. முழுக்க உலரும்போது ஆரம் 4 விழுக்காடு குறைகிறது. குறைந்த அந்த ஆரத்துக்குப் பொருந்த 90.5 செ.மீ. சுற்றளவு வேண்டும். ஆனால் வளையத் திசையில் 8 விழுக்காடு சுருங்கிவிட்டதால் கையில் இருப்பது 86.7 செ.மீ. மட்டுமே. ஏறக்குறைய நான்கு செ.மீ. மரம் குறைகிறது. வட்டத்தை மூட மரம் போதாதபோது கட்டை பிளந்துதான் ஆக வேண்டும். உருண்டைக் கட்டையின் நடுத்தண்டு உள்ளே இருக்கும்வரை இந்த வெடிப்பிலிருந்து தப்பிக்க வழியில்லை. எவ்வளவு கைதேர்ந்த சிற்பியாக இருந்தாலும் இந்த வடிவக் கணக்கோடு வாதாட முடியாது.

உலர்ந்து முடிந்த பிறகும் மரம் ஓய்வதில்லை. சுற்றியுள்ள காற்றின் ஈரத்துக்கு ஏற்பத் தன் ஈரத்தைச் சரிசெய்துகொண்டே இருக்கும். காற்றின் ஈரப்பதம் 80 விழுக்காடாக இருக்கும் இடத்தில் மரத்தின் ஈரம் சுமார் 16 விழுக்காட்டில் நிற்கும். 40 விழுக்காடு என்றால் 7 அல்லது 8-க்கு இறங்கும். சிங்கப்பூரின் காற்று ஆண்டு முழுவதும் ஈரமானது. திருச்சி வட்டாரத்துக் கோடைப் பிற்பகலில் ஈரப்பதம் 40 விழுக்காட்டை ஒட்டி இறங்கிவிடுவது உண்டு. அங்கிருந்து இங்கே வந்த பொம்மை தன் ஈரத்தில் பாதியை இழக்கிறது. பத்து செ.மீ. அகல உருவத்துக்கு இது இரண்டு மி.மீ. சுருக்கம். வெளிப்பக்கம் முந்திக்கொண்டு காய்ந்து, உட்பக்கம் இன்னும் ஈரமாக இருந்தால் அந்த இரண்டு மி.மீ. விரிசலாகத் திறக்கும்.

எந்த மரம், எந்தப் பகுதி

நீரோடு நடக்கும் இந்தப் போரில் முதல் முடிவு மரத்தைத் தேர்ந்தெடுப்பதில் இருக்கிறது. வெளியே திடமாக இருப்பது புல், உள்ளே திடமாக இருப்பது மரம் என்று தொல்காப்பிய மரபியலே பிரித்துவைத்திருக்கிறது. அந்த உள்திடத்தைத்தான் தச்சர்கள் வைரம் என்கிறார்கள். மரம் முதிரும்போது நடுப்பகுதித் திசுக்கள் நீர் கடத்தும் வேலையை விட்டுவிடுகின்றன. அவற்றில் எண்ணெய், பிசின், நிறப்பொருள்கள் படிகின்றன. பூஞ்சைக்கும் பூச்சிக்கும் கசப்பான இடம் அது. வெளிவட்டத்து வெளிறில் மாவுச்சத்து மிகுதி. செல்லுப் பூச்சி தேடிப் போவது அதைத்தான்.

வைரத்தின் சிறப்பு சந்தனத்தில் உச்சத்தைத் தொடுகிறது. இழை மிக நெருக்கம், சுருக்கம் குறைவு, எண்ணெய் நிறைவு. மயிரிழை நுட்பமாக உளி போட்டாலும் விளிம்பு உதிராது. புத்தர் வாழ்ந்த காலத்திலேயே கோசாம்பி மன்னன் உதயணன் சந்தனத்தில் அவருக்குச் சிலை செய்வித்தான் என்ற மரபுக்கதை பௌத்த ஆசியா முழுதும் பரவியிருந்தது. அதனால் சீனத்திலும் ஜப்பானிலும் சந்தனச் சிலைக்குத் தனி மதிப்பு. நிறமும் பூச்சும் இல்லாமல், மரத்தின் மேனியும் மணமும் தெரியும்படி சின்னஞ்சிறு சிலைகளைச் செதுக்கினார்கள். சந்தனம் விளையாத ஜப்பானில் அதற்கு ஈடாகக் கயா என்ற ஊசியிலை மரத்தைத் தேடிப் பிடித்தார்கள்.

எந்த மரம் என்பது சிலையின் பிறந்த ஊரைக்கூடச் சொல்லிவிடும். கியோட்டோவில் கோர்யூஜி மடாலயத்தில் கன்னத்தருகே விரல் வைத்துச் சிந்தனையில் அமர்ந்திருக்கும் மைத்ரேயர் சிலை ஏழாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய ஆண்டுகளில் அதன் மரத்துணுக்கை நுண்ணோக்கியில் ஆராய்ந்தபோது அது செம்பைன் என்று தெரிந்தது. அக்காலத்து ஜப்பானியச் சிலைகளுக்கு வழக்கமான மரம் கற்பூர மரம். அதோடு, இதே அமர்வில் கொரியாவில் ஒரு செம்புச் சிலையும் இருக்கிறது. சிலை கொரியாவிலிருந்து வந்திருக்கலாம், அல்லது கொரியக் கைகள் செதுக்கியிருக்கலாம் என்ற கருத்து வலுப்பெற்றது இதன் பிறகுதான்.

வயிற்றைக் குடைந்தால் முகம் பிழைக்கும்

ஜப்பானியச் சிற்பிகள் தொடக்கத்தில் ஒரே கட்டையில் முழு உருவத்தையும் எடுத்தார்கள். நாராவுக்கு அருகே ஹோர்யூஜியில் இரண்டு மீட்டருக்கும் உயரமாக நிற்கும் குதாரா கண்ணோன் அப்படி ஒரு கற்பூர மரச் சிலை. கட்டை பெரிதாகப் பெரிதாக வெடிப்பும் பெரிதாகும். அதற்கு அவர்கள் முதலில் கண்ட வழி, சிலையின் முதுகைத் திறந்து உள்ளே குடைந்துவிடுவது. வெடிப்பின் ஊற்றான நடுத்தண்டு போய்விடுகிறது. மரம் மெலிந்துவிடுவதால் உள்ளும் புறமும் ஒரே வேகத்தில் உலர்கின்றன. இழுபறி குறைகிறது.

அடுத்த அடி இன்னும் துணிச்சலானது. செதுக்கி முடியும் நிலையில் இருக்கும் சிலையை இழையோட்டத்தின் வழியே வேண்டுமென்றே பிளந்தார்கள். இரண்டு பாதிகளையும் குடைந்துவிட்டு மறுபடி ஒட்டினார்கள். என்றாவது தானாக விழப்போகும் வெடிப்பை, காதுக்குப் பின்னால் கண்ணில் படாத இடத்தில், தாங்களே முன்கூட்டி உண்டாக்கிவிட்டார்கள். இனி முகத்தில் விரிசல் விழ வேண்டிய தேவையே இல்லை.

பதினோராம் நூற்றாண்டில் ஜோச்சோ என்ற சிற்பி இந்த வழியை ஒரு முழு முறையாக வளர்த்தெடுத்தார். பல கட்டைகளைச் சேர்த்து, ஒவ்வொன்றையும் குடைந்து, ஓர் உருவமாகப் பூட்டுவது அவர் முறை. கியோட்டோவுக்குத் தெற்கே ப்யோடோ-இன் மடாலயத்தில் 1053-இல் நிறுவிய அமிதாப புத்தர் அவர் கைவேலை. அமர்ந்த நிலையிலேயே சுமார் 2.8 மீட்டர் உயரம். ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளாக அந்த முகம் அமைதி குலையாமல் இருக்கிறது. இந்த முறையில் பெருமரம் தேவையில்லை, பலர் ஒரே நேரத்தில் வேலை செய்யலாம். 1203-இல் உன்கேய், கைகேய் முதலான சிற்பிகள் நாராவின் தோடாய்ஜி வாயிலுக்குச் செய்த இரண்டு காவலர் சிலைகள் எட்டு மீட்டருக்கும் மேலே உயரம். ஒவ்வொன்றிலும் சுமார் 3,000 மரத்துண்டுகள். இரண்டையும் முடிக்க அவர்களுக்கு ஆனது 69 நாள்.

உள்ளே வெற்றிடம் கிடைத்ததும் அதற்குப் புதிய பயன்களும் பிறந்தன. குடைந்த தலைக்குள்ளிருந்து, கண்குழிக்குப் பின்னால் மெல்லிய பளிங்கை வைத்து, அதன் பின்புறம் கருவிழி தீட்டினார்கள். விளக்கொளி பட்டால் கண்ணில் ஈரம் மினுங்குவது போலிருக்கும். கியோட்டோவின் செய்ர்யோஜி மடாலயத்தில் உள்ள சாக்கியமுனி சிலை, ஜப்பானியத் துறவி சோனென் சீனத்தில் 985-இல் செய்வித்துக் கொண்டுவந்தது. உதயணன் செய்வித்த சந்தனச் சிலையின் வழிவந்த உருவம் என்று அதைப் போற்றினார்கள். 1950-களில் அதன் முதுகுப் பலகையைத் திறந்தபோது உள்ளே பட்டுத்துணியில் தைத்த குடல், நுரையீரல் போன்ற உள்ளுறுப்புகள் இருந்தன. விரிசலைத் தடுக்க உண்டான பொந்து, சிலைக்கு உயிரூட்டும் கருவறையாக மாறிவிட்டது.

சிலைகளின் வெளியே ஜப்பானியச் சிற்பிகள் பூசிய அரக்கும் ஒரு விந்தை. அதைத் தரும் மரம் நம் மாவுக்கும் முந்திரிக்கும் சேங்கொட்டைக்கும் ஒரே குடும்பம். சேங்கொட்டைப் பால் பட்டால் தோல் புண்ணாவது போல அந்தப் பாலும் புண்ணாக்கும். மற்றப் பூச்சுகள் ஈரமில்லாக் காற்றில் காயும். இதுவோ ஈரக் காற்றில்தான் இறுகும். பாலுக்குள் இருக்கும் லாக்கேஸ் என்ற நொதி வேலை செய்ய ஈரம் வேண்டும். இந்த நொதியை 1883-இல் முதலில் விவரித்தவர் யோஷிதா ஹிகோரோகுரோ என்ற ஜப்பானிய வேதியியலர். இறுகிய பின் அந்தப் படலம் மரத்துக்கும் காற்றுக்கும் இடையே ஈரம் போய்வரும் வேகத்தைத் தணித்துவிடும். மரம் அசைந்தாலும் மெதுவாக அசையும்.

தேரும் வாகனமும்

பல துண்டுகளைச் சேர்த்துப் பூட்டும் இதே விடையை நம் தச்சர்கள் வேறு உருவில் எட்டினார்கள். ஸ்ரீரங்கத்தின் சித்திரைத் தேரையோ வேறொரு பெருங்கோயிலின் தேரையோ அலங்காரத் துணிகள் இல்லாத நாளில் சுற்றிப் பார்த்தால், அது ஒரே சிற்பமாகவும் நூற்றுக்கணக்கான சிற்பங்களாகவும் இருப்பது தெரியும். இலுப்பை, வேங்கை, தேக்கு முதலிய மரங்களின் பார்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கு அடுக்காக ஏறுகின்றன. இடையிடையே தேர்ப்பொம்மைகளைத் தனித்தனிக் கட்டையில் செதுக்கிப் பூட்டியிருப்பார்கள். ஆண்டின் பெரும்பகுதி வெயிலிலும் மழையிலும் நிற்கும் பொருள் இது. ஒரே பெரும் கட்டையாக இருந்திருந்தால் சில கோடைகளில் பிளந்து போயிருக்கும். சிறு துண்டுகள் என்பதால் ஒவ்வொன்றின் சுருக்கமும் சிறிது. அந்தச் சிறிய அசைவைப் பூட்டு வாய்களும் ஆப்புகளும் வாங்கிக்கொள்கின்றன. ஒரு பொம்மை செல்லரித்தால் அதை மட்டும் கழற்றி மாற்றலாம். எடையும் உராய்வும் சேர்ந்து தாக்கும் சக்கரங்களை மட்டும் நம் காலத்தில் பல தேர்களில் இரும்புக்கு மாற்றிவிட்டார்கள். அந்த இரும்புச் சக்கரங்களையும் அச்சுகளையும் பல கோயில்களுக்குச் செய்து தந்தது திருச்சியின் பெல் தொழிற்சாலை.

திருவிழா வாகனங்களிலும் இதே அறிவைப் பார்க்கலாம். குதிரை, யாளி, யானை, அன்னம், கருடன் என்று எதுவானாலும் தோளில் சுமக்க வேண்டிய உருவம். மணப்பாறைக்கு அருகே வீரப்பூரில் மாசித் திருவிழாவின் வேடபரி நிகழ்ச்சியன்று நாட்டார் தெய்வமான பொன்னர் எழுந்தருளும் குதிரை வாகனத்தை நினைத்துக்கொள்ளுங்கள். கூட்டத்துக்கு நடுவே ஆள்கள் அதைத் தூக்கிக்கொண்டு விரைய வேண்டும். பெரிய வாகனங்களில் உடலையும் கழுத்தையும் கால்களையும் தனித்தனியாகச் செய்து சேர்ப்பதும், உள்ளே குடைவாக விடுவதும் சுமையைக் குறைக்கின்றன. மரத்தின் இழுபறியையும் அவையே குறைக்கின்றன. காலைச் செதுக்கும்போது இழை காலின் நீளத்தோடு ஓடும்படி கட்டையை வைப்பது இன்னொரு நுட்பம். இழை குறுக்கே போனால் முதல் உலுக்கலிலேயே முறியும்.

திருச்சிக்கு வடக்கே, பெரம்பலூர் மாவட்டத்து அரும்பாவூர் இந்த வேலைக்கென்றே பெயர்பெற்ற ஊர். 1995 வரை அதுவும் திருச்சி மாவட்டம்தான். வாகை, மா, வேம்பு என்று சுற்றுவட்டாரத்தில் கிடைக்கும் மரங்களில் தெய்வ உருவங்களும் தேர்ச்சிற்பங்களும் வாகனங்களும் இங்கே உருவாகின்றன. 2020-இல் அரும்பாவூர் மரச்சிற்பத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. இங்கே பல உருவங்கள் இன்றும் ஒரே கட்டையில் பிறக்கின்றன. அதனால் வேலையின் பாதி உளியைக் கையில் எடுப்பதற்கு முன்பே நடந்துவிடுகிறது. கட்டையை நிழலில் போட்டு மெல்ல உலரவிட வேண்டும். நடுத்தண்டு எங்கே விழுகிறது, கணு எங்கே நிற்கிறது, வெளிறு எவ்வளவு தள்ள வேண்டும் என்று பார்த்துத்தான் முகம் எந்தப் பக்கம் வரும் என்பதை முடிவுசெய்ய வேண்டும்.

நீருக்குள் போட்டுவிடு, அல்லது புதிதாகச் செய்

காஞ்சிபுரம் தந்த விடை எல்லாவற்றையும்விட வியப்பானது. வரதராஜப் பெருமாள் கோயிலின் அனந்தசரஸ் குளத்தடியில் இருக்கும் அத்திமரத் திருவுருவமான அத்திவரதரை நாற்பது ஆண்டுகளுக்கு ஒருமுறை வெளியே எழுந்தருளச் செய்கிறார்கள். 1939, 1979-க்குப் பிறகு 2019 ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 17 வரை 48 நாள் வைபவம் நடந்தது. அத்தி, தேக்கைப் போல் வலிய மரம் அன்று. தரைக்கு மேலே எளிதில் பழுதுபடும். நீருக்கடியிலோ நெடுங்காலம் நிற்கும். கிணற்றின் அடிச்சட்டத்துக்கு அத்தியைப் பயன்படுத்தியதும் அதனால்தான்.

மரத்தை மக்கச் செய்யும் பூஞ்சைக்கு ஈரமும் வேண்டும், காற்றும் வேண்டும். மரத்தின் ஈரம் 20 விழுக்காட்டுக்குக் கீழே இருந்தால் பூஞ்சை தொடங்காது. குழாய்கள் எல்லாம் நீரால் நிறைந்துவிட்டால் உயிர்வளி கிடைக்காமல் அப்போதும் அது வளராது. முழுக்க உலர்வும் காப்பு, முழுக்க நனைவும் காப்பு. கெடுதல் எல்லாம் நனைந்து காய்ந்து நனையும் நடுநிலையில்தான். நீரில் ஊறிய மரம் சுருங்குவதும் இல்லை, வெடிப்பதும் இல்லை.

நீருக்குள் இருந்ததை வெளியே எடுப்பது மட்டும் ஆபத்தானது. 1628-இல் ஸ்டாக்ஹோம் துறைமுகத்தில் மூழ்கிய வாசா என்ற போர்க்கப்பலை, அதன் நூற்றுக்கணக்கான மரச்சிற்பங்களோடு 1961-இல் தூக்கினார்கள். உலரவிட்டால் நொறுங்கிவிடும் என்பதால் பாலிஎத்திலீன் கிளைக்கால் என்ற மெழுகுபோன்ற பொருளை 17 ஆண்டுகள் அதன்மேல் தெளித்தார்கள். நீர் இருந்த இடத்தை அந்தப் பொருள் கொஞ்சம் கொஞ்சமாக நிரப்பியது. தடித்த மரத்தில் நீர் வெளியேற ஆண்டுக்கணக்கில் ஆகும். அத்திவரதர் வெளியே இருக்கும் 48 நாளில் காயத் தொடங்குவது மேல்பரப்புதான், உள்மரம் அன்று. குறுகிய காலமே வெளியே வைத்து மறுபடி நீருக்குள் அனுப்பும் மரபு இந்த இயற்பியலோடு இசைந்து நிற்கிறது.

பூரி ஜெகந்நாதர் கோயில் வேறு வழி கண்டது. அங்கே வேப்பமரத் திருவுருவங்கள் நிலைத்திருக்க வேண்டும் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை. இரண்டு ஆஷாட மாதங்கள் வரும் ஆண்டுகளில் புதிய மரம் தேடி, புதிய உருவம் செய்து, பழையதற்கு விடைகொடுக்கிறார்கள். 1977, 1996, 2015 ஆகிய ஆண்டுகளில் இது நடந்தது. மரம் அழியும் என்பதை ஏற்றுக்கொண்டு, செய்யும் அறிவை அழியாமல் காப்பாற்றுகிறது அந்த வழக்கம்.

காக்க வேண்டியது எது

வீட்டில் பழைய மரச்சிற்பம் வைத்திருப்பவர்கள் இந்த அறிவியலைக் கொண்டே அதைக் காக்கலாம். ஜன்னல் வெயிலும் ஏசி காற்றும் நேரே படாத இடத்தில், மூடிய அலமாரியில் வையுங்கள். ஈரத்துணியால் துடைக்க வேண்டாம், மென்தூரிகை போதும். கோடையில் விழுந்த விரிசலை உடனே கடினமான பட்டி வைத்து அடைக்காதீர்கள். மழைக்காலத்தில் மரம் பருக்கும்போது அந்தப் பட்டி இடம் கொடுக்காது, ஆப்புபோல நின்று புதிய வெடிப்பை உண்டாக்கும். விரிசல் பருவத்தோடு திறந்து மூடுகிறதென்றால் மரம் தன் இயல்பில் இருக்கிறது என்று பொருள்.

கோயில்களுக்கு வேண்டியது இதைவிடப் பெரியது. தேர்த் திருப்பணியில் பழைய பொம்மைகளைக் கழற்றும்போது அவற்றை விறகுக் குவியலில் போடவும் கூடாது, கைமாறிப் போகவும் விடக்கூடாது. ஒவ்வொன்றும் எந்த மரம், தண்டின் எந்தப் பகுதி, எந்தப் பூட்டு, எங்கே வெடித்தது, எங்கே வெடிக்கவில்லை என்று எழுதிவைக்க வேண்டும். பெங்களூரில் மர அறிவியல் தொழில்நுட்ப நிறுவனம் இருக்கிறது. திருச்சியில் அரசு அருங்காட்சியகம் இருக்கிறது. அரும்பாவூரில் உளி பிடித்த கைகள் இருக்கின்றன. இம்மூன்றையும் ஒரே மேசைக்குக் கொண்டுவருவது அரிய வேலை அன்று. தோடாய்ஜிக் காவலர்களை 1988 முதல் 1993 வரை துண்டு துண்டாகப் பிரித்துச் செப்பனிட்டபோது, எந்தத் துண்டு எதோடு சேர்ந்தது என்பது விளங்கியது. செய்தவர்களின் பெயர் தாங்கிய சுருளும் உள்ளே கிடைத்தது. எண்ணூறு ஆண்டுக்கு முந்தைய தச்சர்கள் இன்றைய தச்சர்களுக்குப் பாடம் சொன்னார்கள். நம் தேர்களைச் செய்தவர்களுக்கும் சொல்ல அவ்வளவு இருக்கிறது. அவர்கள் பெயரையும் அவர்கள் போட்ட கணக்கையும் இப்போதே எழுதிவைத்தால்தான் அடுத்த தேரைச் செய்கிறவர் முதலிலிருந்து தொடங்க வேண்டியிராது.